புற்றுநோய் ஆராய்ச்சி யாருக்காக?

புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை எவ்வாறு வழிநடத்துவது என்று கேட்டால், அறிஞர் பெருமக்கள் ஆயத்தமாய் ஒரு விடை வைத்திருக்கின்றனர். பெருநிதி வேண்டும், நவீனக் கருவிகள் வேண்டும், மேனாட்டில் பயின்ற நிபுணர் தலைமை தாங்க வேண்டும், ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று அச்சாகி வெளிவர வேண்டும். இவை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், எவருடைய நோயை ஆராய்வதற்கு இவையெல்லாம் என்ற கேள்வியைத் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே எழுப்பாதவர்களை நாம் தலைவர்கள் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டை செல்லும் கரையோரப் பாதையில் உள்ளது குச்சவெளி. கடலையும் வயலையும் நம்பிய மக்கள் வாழும் பிரதேசம். இரவெல்லாம் கடலில் கண்விழிக்கும் தொழிலாளிக்கு வெற்றிலையும் பாக்கும் புகையிலையுமே பசிக்கும் உறக்கத்துக்கும் மருந்து. இலங்கை ஆண்களிடையே மிகுதியாய்க் காணப்படும் புற்றுநோய் எது? வாய்ப்புற்றுநோய். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூல் உறுதிப்படுத்தியிருக்கிறது.

இந்நோய் ஒளிந்து வருவதன்று. கன்னத்தின் உட்புறத்தில் வெண்திட்டு, செந்திட்டு, ஆறாத புண், வாய் திறக்க இயலாத இறுக்கம் என்று பெரும்பாலும் முன்னறிவித்தே வருகிறது. அதைக் கண்டறிய ஒரு விளக்கும் பயின்ற கண்களும் போதும். அந்த வேளையில் எவரும் பாராததனால், கழுத்தில் கட்டி தோன்றிய பின்னர் நாட்கூலியையும் இழந்து தொலைதூர வைத்தியசாலையைத் தேடிப் புறப்படுகிறான் ஏழை. அப்போது மகரகமவில் எத்தனை சிறந்த கருவி இருந்தென்ன?

கேரளத்தைப் பார்ப்போம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. 13 ஊராட்சிகள், 35 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 1,90,000 மக்கள். ஏழு ஊராட்சிகளில் வைத்தியரல்லாத பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாய்ச் சென்று வாயைப் பரிசோதித்தனர். மற்ற ஆறில் வழக்கமான ஏற்பாடே தொடர்ந்தது. 2005இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழகியவரிடையே, பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் வாய்ப்புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. உலகமே ஏற்ற விஞ்ஞானம் இது. பிறந்த இடமோ குடிசை வாசல்!

சென்னை அடையாற்றின் வரலாறும் இதையே சொல்லும். முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954இல் நிறுவிய புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கிற்று. மறு ஆண்டு அங்கே சேர்ந்த வைத்தியர் சாந்தா 2021இல் மறையும்வரை அந்நிலையத்தோடே வாழ்ந்தார். சிகிச்சை, ஆராய்ச்சி, நோயாளர் பதிவேடு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாய் வளர்ந்தன. ஏழை நோயாளிகளிடமிருந்தே தன் கேள்விகளைப் பெற்றதனால்தான் அந்நிலையம் பெரிதாயிற்று.

"வெற்றிலையை விடாதவன் நோயுற்றால் அது அவன் குற்றம்" என்பார் சிலர். பாக்கு நஞ்சென்று அவனுக்கு எவர் சென்று சொன்னார்? சொல்லவேண்டிய கடமையைச் செய்யாதோர் அவன்மேல் பழி சுமத்துவது அநீதி.

நம் மக்களிடம் நெஞ்சீரம் வற்றிவிடவில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதி, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவிற்று. இன, மத பேதமின்றி மக்கள் கொடுத்தனர். கொடுக்கத் தெரிந்த மக்களுக்குத் திட்டமிடும் உரிமை மட்டும் ஏன் இல்லை?

ஆகவே நாம் கோருவது இதுதான். திட்டக்குழுவில் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கிராமத் தாதிக்கும் இடம் வேண்டும். எத்தனை கருவிகள் வாங்கினோம் என்பதோடு, எத்தனை பேரை ஆரம்ப நிலையிலேயே கண்டறிந்தோம் என்ற கணக்கையும் ஆண்டுதோறும் மக்கள்முன் வைக்க வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் பாக்கின் நஞ்சைப் பள்ளிக்கூடங்களிலிருந்தே எடுத்துரைக்க வேண்டும். குச்சவெளித் தொழிலாளியின் வாய்க்குள் விளக்கைக் காட்டாத விஞ்ஞானம், எத்தனை மாடிக் கட்டடத்தில் இருந்தாலும், இருட்டிலேதான் இருக்கிறது.