பொது இல்லத்தின் மேசை

மதுக்கடை எனக் கேட்டதுமே நாம் முகஞ்சுளிக்கிறோம். குடியால் குலைந்த குடும்பங்களை நாம் அறிவோம் அன்றோ! ஆயினும் இங்கிலாந்து நாட்டின் 'பப்' குடிப்பதற்கு மட்டுமே ஏற்பட்ட இடம் அன்று. 'பப்ளிக் ஹவுஸ்', அதாவது பொது இல்லம் என்பதன் சுருக்கமே அப்பெயர். 'குறுக்குச் சாவிகள்' எனப் பெயர்ப்பலகை தாங்கிய பப்கள் புனித இராயப்பரின் திறவுகோல்களை இன்றும் நினைவூட்டுகின்றன.

ஞாயிறு நண்பகலில் அங்கே குடும்பங்கள் கூடுகின்றன. சுட்ட மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், அவற்றின்மேல் ஊற்றிய சூடான குழம்பு! பரிமாறுபவர் மேசைக்கு வந்து கேட்கும்வரை காத்திருப்பதில்லை. தாமே எழுந்து சென்று, வேண்டியதைச் சொல்லிப் பணமும் செலுத்துகின்றனர். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது; ஆனால் முன்னே வந்தவர் யார் என்பதை அனைவரும் அறிவர். தனித்து வாழும் முதியவரும் பெயர் சொல்லி வரவேற்கப்படுகிறார்.

2020 மார்ச் 20 அன்று, கொள்ளைநோயின் காரணமாகப் பப்களை மூடுமாறு அரசு பணித்தது. மது வீட்டிலும் கிடைத்தது. அம்முதியவருக்குப் பேச்சுத்துணைதான் கிடைக்கவில்லை.

கிண்ணத்தை விடுவோம், மேசையைக் கற்றுக்கொள்வோம். நம் அண்டை வீட்டில் தனித்து உண்பவருக்கு, வரும் ஞாயிறன்று நம் இல்லத்தில் ஓர் இருக்கை உண்டா?