உண்ணாத உணவுக்கு அலங்காரம் எதற்கு?



நம் வலீமா விருந்துகளில் அண்மைக்காலமாக ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. தர்பூசணியில் மணமக்களின் பெயரைச் செதுக்குகின்றனர். கேரட்டை ரோஜாவாகவும் பூசணியை அன்னமாகவும் குடைந்து காட்சிக்கு வைக்கின்றனர். விருந்தினர் அதன்முன் நின்று படம் எடுக்கின்றனர். எவரும் ஒரு துண்டும் உண்பதில்லை. இரவு முழுதும் விளக்கொளியில் வாடியவை விடிந்ததும் குப்பைக்குப் போகின்றன.

உயிரினங்களின் உருவம் சமைப்பது பற்றிய மார்க்கச் சட்டம் தனியே பேசப்பட வேண்டியது. இங்கு நாம் கேட்பது விரயத்தைப் பற்றியே.

அல்லாஹ் அழகை நேசிக்கிறான் என்னும் நபிமொழியைச் சிலர் ஆதாரமாகக் காட்டுகின்றனர். அந்த நபிமொழி பெருமையைக் கண்டிக்கும் இடத்தில் வந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அழகை நாம் மறுக்கவில்லை. வட்டிலப்பத்தின்மீது முந்திரியை அழகுற அடுக்குவதும், அரபு நாட்டார் மஅமூலை மர அச்சில் வார்ப்பதும் கலையே. அந்த அழகு உண்பவரின் வயிற்றைச் சென்றடைகிறது. உணவை உணவாக இருக்கவிடாத கலையையே நாம் எதிர்க்கிறோம்.

கீழே விழுந்த கவளத்தையும் தூசு நீக்கி உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவுக்கு ஓர் ஆடு அறுக்கப்பட்டது. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவில் பேரீச்சம்பழம், நெய், பாலாடைக்கட்டி ஆகியவையே இருந்தன. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருக்குர்ஆன் (17:27) எச்சரிக்கிறது.

"ஒரு பழம்தானே!" என்பர். ஐ.நா. அறிக்கையின்படி 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன். ஒவ்வொரு வீட்டின் "ஒன்றுதானே" சேர்ந்துதான் அந்தக் குவியல் உயர்ந்தது. மேலும், வசதியுள்ளவர் தொடங்கிய அலங்காரத்தை வசதியற்றவர் கடன் வாங்கியேனும் தொடர நேர்கிறது. அந்தச் சுமை பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர் தலையிலேயே விழுகிறது.

ஆகவே, மண்டபம் பேசும்போதே செதுக்கு மேசை வேண்டாமெனச் சொல்லுங்கள். பழம் வைத்தே ஆக வேண்டுமெனில் அழகாக நறுக்கி, வந்தோர் கையில் கொடுங்கள். மீந்ததை அன்றிரவே ஏழைகளிடம் சேர்த்துவிடுங்கள். ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து பகிர்ந்துண்ட நம் முன்னோரின் விருந்துக்கு இதைவிடச் சிறந்த அலங்காரம் தேவைப்பட்டதில்லை.

அல்லாஹ் தந்த ரிஸ்கைக் கண்ணியப்படுத்தும் நல்லோராக நம் அனைவரையும் அவன் ஆக்குவானாக! ஆமீன்.