அகப்பை யார் கையில்?

தோழனே!

தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் சிலர். "உணவளித்தாயே, பிள்ளை எத்தனை பலம் ஏறிற்று? பணம் கொட்டினாயே, நூற்றுக்கு எத்தனை உயர்ந்தது? ஒரே ஓர் எண் சொல்! எமக்கு நிறைவளித்தால் உன் திட்டம் வாழட்டும், இல்லையேல் மாளட்டும்!" என்கிறார்கள். கணக்குக் கேட்பது குற்றமா? அல்ல, அல்ல! மக்கள் பணத்திற்குக் கணக்குக் கேட்க மறப்பதே குற்றம். ஆனால், கேட்கத் தெரியாதவன் கேட்கும் கணக்கு ஏழையின் கலத்தைத்தான் முதலில் கவிழ்க்கிறது. அதைச் சொல்லவே இந்த மடல்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. காச நோயாளிகள் 107 பேர். குலுக்கல் முறையில் அவர்களைப் பிரித்து, 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசின். மற்ற 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு திங்கள் கழிந்தன. மருந்து பெற்றோரில் மாண்டோர் 4 பேர். பெறாதோரில் 14 பேர். மருந்து வென்றது! அம்முறைக்கு நான் தலை வணங்குகிறேன். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன், அதனால் அறிவியலை எள்ளுகிறான் என்று எண்ணிவிடாதே. நான் கேட்பதெல்லாம் இதுதான்: உடலில் ஏறிய மருந்து, வேலை செய்யலாமா என்று மாமியாரிடம் அனுமதி கேட்பதில்லை, சோறு கேட்கிறதே, அதற்கு என்ன செய்வது?

மாமியாரா, இங்கே மாமியார் எங்கே வந்தார் என்று வியக்கிறாயா? கேள்.

1980இல் நம் தமிழ்நாட்டில், உலக வங்கியின் உதவியோடு, ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைத் திங்கள்தோறும் நிறுத்துப் பார்ப்பது. எடை ஏறாத குழந்தைக்கு 90 நாள்கள் துணை உணவு அளிப்பது. எதை ஊட்டுவது, எப்படி ஊட்டுவது எனத் தாய்க்கு எடுத்துரைப்பது. எடுத்துரைத்தவள் பட்டணத்துச் சீமாட்டி அல்லள்; அந்தந்த ஊர்ப்பெண். கடும் ஊட்டக்குறை குறைந்தது. உலகம் புகழ்ந்தது.

புகழ்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்களா? 1982இல் அதே மண்ணில் சத்துணவுத் திட்டமும் வந்து சேர்ந்தது. ஒரே வீட்டில் மூத்தவனுக்குச் சத்துணவு, இளையவனுக்குத் துணை உணவு. இளையவனின் கன்னம் கொழுத்தது எதனால்? துணை உணவாலா, தாய் பெற்ற அறிவுரையாலா, மூத்தவன் வெளியே உண்டதால் வீட்டுப் பானையில் மிஞ்சிய சோற்றாலா? ஒரே எண்ணிலே விடை சொல்லட்டும், பார்ப்போம்!

இனி வங்கதேசம் போவோம். தமிழ்நாட்டில் வென்றதே, அங்கும் வெல்லும் என்று, இதையே முன்மாதிரியாகக் கொண்டு 1995இல் அங்கும் ஒரு திட்டம் எழுந்தது. அதே நிறுவை, அதே துணை உணவு, அதே அறிவுரை. எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை, வந்தது சொற்பம். 2005இல் உலக வங்கியின் மதிப்பீட்டுத் துறையே அதை ஒப்புக்கொண்டு ஏட்டில் எழுதியது. சொந்தத் தோல்வியை மறைக்காத அந்த ஒன்றுக்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

காரணம் என்ன? அறிவுரை சென்றது தாயின் செவிக்கு. ஆனால், அந்நாட்டுச் சிற்றூர்களில் சந்தைக்குச் சென்று வாங்கி வருபவன் ஆண். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு உணவு என்று முடிவு செய்பவள் மாமியார். பாடம் படித்தவள் கையில் அகப்பை இல்லை; அகப்பை இருந்த கைக்குப் பாடம் போய்ச் சேரவில்லை! தத்துவப் பேராசிரியை நான்சி கார்ட்ரைட், ஜெரமி ஹார்டியுடன் 2012இல் எழுதிய நூலில் இந்த நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி, 'அங்கே பலித்தது' என்பது 'இங்கே பலிக்கும்' என்பதற்குச் சான்றாகாது என்று வாதிடுகிறார். நாடகக்காரனுக்கு இது புதுமையல்ல. ஓரூரில் கொட்டகை அதிரக் கைதட்டல் பெற்ற காட்சி, அடுத்த ஊரில் இருமல் ஒலியோடு முடிந்ததைத் திரைக்குப் பின் நின்று கேட்டவன் நான். வசனம் அதேதான், அவை வேறு.

ஒற்றை எண்ணோடு மட்டும் ஒருவன் வங்கதேசம் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? "ஊட்டச்சத்துத் திட்டம் வீண், மூடுங்கள்" என்றிருப்பான். தமிழ்நாட்டு எண்ணை மட்டும் கண்டவனோ, "எங்கும் செய்யுங்கள்" என்றிருப்பான். இருவரும் கற்றோர், இருவரும் அடுப்பங்கரையை எட்டிப் பாராதோர்! அன்று மருந்தைச் சோதித்த அதே பிரிட்டிஷ் மன்றம், பல கூறுகள் பின்னிக் கிடக்கும் இத்தகைய திட்டங்களை மதிப்பிடுவதற்கென 2000இல் தனி வழிகாட்டி வெளியிட்டது. 2021இல் வந்த புதிய வழிகாட்டியோ, பலித்ததா என்பதோடு நில்லாதே. எப்படி, யாருக்கு, எந்தச் சூழலில் என்றும் கேள் என்கிறது. மருந்துக்கு முறை வகுத்தவர்களே இதைச் சொல்லிவிட்டார்கள். நம் தராசுக்காரர்களுக்கு மட்டும் இன்னும் காது கேட்கவில்லை.

சினம் கொள்ளாதே, நம் பக்கமும் கறை உண்டு. "எங்கள் திட்டத்தை அளக்க நீ யார்?" என்று மேடையில் மார்தட்டுவோர் நம்மிலே இல்லையா? நானே தட்டியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். குழந்தை மெலிந்திருக்கிறது என்று தராசு சொன்னால், தராசையா உடைப்பது? திட்டம் தொடங்கும் முன்பே எதை அளப்போம், யாரைக் கேட்போம் என்று எழுதி வைக்க வேண்டும். சமைப்பவளையும் ஊட்டுபவளையும் கேட்க வேண்டும். விடை கசந்தாலும் அச்சேற்ற வேண்டும். இதை நாமே கோருவோம். கோராவிடில், தராசு அவர்கள் கையிலேயே இருக்கும்.

உன் ஊர் அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளன்று போய் நில். எடை ஏறாத பிள்ளை எது, வராத பிள்ளை எது என்று கேட்டறி. வராத வீட்டுக்கு நட. அங்கே அகப்பை யார் கையில் இருக்கிறது என்று பார். கண்டதைக் கண்டபடி எழுதி, அடுத்த கிளைக் கூட்டத்தில் படி; தலைவர் முகம் சுளித்தாலும் படி.