ஒலிபெருக்கி செத்துவிட்டதென்று யார் சொன்னது?



“ஐயா, ஸ்பீக்கர் ரோசாக்!”

நம் பள்ளிகளில் மிக விரைவாக வழங்கப்படும் தீர்ப்பு இதுவாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை சபைக்கூடல் தொடங்கவேண்டும். விசையை அழுத்துகிறோம், விளக்கு எரியவில்லை. மீண்டும் அழுத்துகிறோம். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறோம். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது! பெட்டி பொருளறைக்குப் போகிறது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ‘புதிய ஒலிபெருக்கி வாங்குதல்’ என்று ஒரு தீர்மானம் எழுகிறது.

கோலசிலாங்கூர் தொடங்கி, தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வழியாகச் சுங்கை பெசார் வரை உள்ள தோட்டப் பள்ளிகள் சிலவற்றின் பொருளறைகளில் இப்படிக் கிடத்தப்பட்ட பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ‘இதைச் சோதித்தது யார்?’ என்று கேட்டால், ‘போன தலைமையாசிரியர் காலத்திலேயே ரோசாக்’ என்பார்கள். கேள்வி யார் என்பது. விடையோ எப்போது என்பது! இந்தப் போக்கைக் கண்டிக்கவே எழுதுகிறேன். சிலருக்கு வருத்தம் ஏற்படலாம். ஏற்படட்டும்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். அரசாங்கம் தரும் தலைவீத மானியம் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 150 மாணவரோ அதற்கும் குறைவாகவோ உள்ள பள்ளிகளைக் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்கிறது கல்வி அமைச்சு. தோட்டத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டதால் நம் வட்டாரத்துப் பள்ளிகள் பலவற்றின் நிலை இதுதான். ஆனால் அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்பதற்காக எந்தக் கடைக்காரரும் ஒலிபெருக்கியின் விலையைக் குறைத்துத் தருவதில்லை. குறைகின்ற தொகை எங்கிருந்து வருகிறது? செம்பனைக் குலை வெட்டுகிறவரின் சட்டைப் பையிலிருந்து வருகிறது. நன்கொடைச் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புகிறோமே, அதிலிருந்து வருகிறது. அந்தப் பணத்தில் வாங்கிய பொருளுக்கு அரை நிமிடத்தில் மரண ஓலை எழுத நமக்கு யார் உரிமை தந்தது?

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். பழைய பள்ளிகளில் அலுவலகத்தில் ஓர் ஒலிபெருக்கக் கருவி இருக்கும். அதிலிருந்து கம்பி ஓடிக் கூரையடியில் உள்ள கூம்புகளைப் பேசவைக்கும். கூம்புக்கென்று தனி மின்சாரம் வேண்டியதில்லை. இன்று நாம் வாங்குவது ‘பவர் ஸ்பீக்கர்’. பெருக்கக் கருவியும் அதற்கான மின்வழங்கியும் பெட்டிக்குள்ளேயே உள்ளன. ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி மின்சாரம் வேண்டும். சுவரிலிருந்து அந்தப் பெட்டிவரை மின்சாரம் நடந்துவரும் பாதையில் ஐந்தாறு வாசல்கள் இருக்கின்றன. ஏதேனும் ஒரு வாசல் அடைத்திருந்தாலும் விளக்கு எரியாது. பெரும்பாலான வாசல்கள் பெட்டிக்கு வெளியே இருக்கின்றன என்பதுதான் நாம் மறந்துவிடும் செய்தி.

சுவர்ச் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறதா? அதே சாக்கெட்டில் ஒரு மேசை விசிறியைச் செருகிப் பாருங்கள். விசிறியும் சுழலவில்லையெனில் ஒலிபெருக்கியைக் குற்றம் சொல்லாதீர்கள். இடிமழைக்குப் பின் மின்பலகையில் ஒரு விசை கீழே விழுந்திருக்கலாம். அதை ஒருமுறை மேலே தூக்கிப் பார்க்கலாம். மீண்டும் விழுந்தால் விட்டுவிடுங்கள், அது வயர்மேனின் வேலை. நீட்டிப்புக் கம்பி பயன்படுத்தினால் அதற்கும் தனி விசை உண்டு, அதன் பிளக்கிலும் தனி உருகி உண்டு. உருளையில் சுற்றிய நீண்ட கம்பியாக இருந்தால் இன்னொரு சிக்கல்: சுற்றியபடியே அதிகச் சுமையேற்றினால் சூடேறும்; அவற்றுட் பலவற்றில் உள்ள வெப்பத் துண்டிப்பான் தானே இணைப்பை அறுத்துவிடும். ஆறியபின், கம்பியை முழுவதும் பிரித்துவிட்டு, உருளையிலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் மீண்டும் உயிர் வரும்.

அடுத்து மின்கம்பி. பெரும்பாலான பவர் ஸ்பீக்கர்களின் முதுகில் செருகப்படும் கம்பி, கணினி அறையில் மேசைக் கணினிக்குச் செருகும் அதே மூன்று துளைக் கம்பிதான். அங்கிருந்து ஒன்றைக் கழற்றி வந்து மாற்றிப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கும் திடலுக்கும் அலைவதில் இந்தச் செருகல் தளர்ந்துபோவது மிக இயல்பு. கம்பியை அழுத்திச் செருகியதுமே பாடத் தொடங்கிய ‘பிண’ங்கள் உண்டு!

இனி, பியூஸ் என்று நாம் அழைக்கும் மின்னுருகி. நம் நாட்டு மூன்று கால் பிளக் பிரிட்டனின் முறையைப் பின்பற்றியது. அதன் வயிற்றுக்குள்ளேயே ஓர் உருகி இருக்கிறது. அது பீங்கான் உறைக்குள் இருப்பதால் எரிந்ததா இல்லையா என்று கண்ணால் காணமுடியாது. பல ஒலிபெருக்கிகளில் கம்பி செருகும் இடத்துக்கு அருகே ஒரு சிறு இழுப்பறையில் இரண்டாவது உருகியும் இருக்கும். அது பெரும்பாலும் கண்ணாடிக் குழல். உள்ளே இழை அறுந்து மட்டும் இருந்தால், அதே அளவு, அதே வகை உருகியை ஒரே ஒரு முறை மாற்றிப் பார்க்கலாம். கண்ணாடி கறுத்தோ வெள்ளிப்பூச்சு பூசியதுபோலவோ இருந்தால் உள்ளே பெரிய கோளாறு என்று பொருள். மாற்றாதீர்கள், தொழில்நுட்பரிடம் கொடுங்கள். புதிய உருகியும் எரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே ‘எல்லாம் தெரிந்தவர்’ ஒருவரை எச்சரித்தாக வேண்டும். உருகி இல்லையென்றால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுகிறாரே, அவரைத்தான்! உருகி எரிவது கோளாறன்று. தீப்பிடிக்காமல் காப்பதற்காக அது தன்னைக் கொடுத்துக்கொள்கிறது. கையில் கிடைத்த 13 ஆம்பியர் உருகியை எல்லாவற்றுக்கும் போடுவதும் தவறே. 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றால் 690 வாட். பள்ளி மண்டபத்துப் பெட்டிகள் பலவற்றுக்கு அதுவே தாராளம். பெட்டியிலும் கையேட்டிலும் என்ன அளவு எழுதியிருக்கிறதோ அதுவே வேதம்.

மின்கலத்தில் இயங்கும் சக்கரப் பெட்டிகளின் கதை வேறு. நெடிய பள்ளி விடுமுறையில் மின்னேற்றாமல் விட்டுவிட்டால் உள்ளிருக்கும் 12 வோல்ட் ஈய அமிலக் கலம் தானே வடிந்து கெட்டுவிடும். சில பெட்டிகள் அதன்பின் சுவர் மின்சாரத்தில் செருகினாலும் விழிப்பதில்லை. மாதம் ஒருமுறை மின்னேற்ற ஒருவரைப் பொறுப்பாக்கினால் தீர்ந்தது. கலம் கெட்டிருந்தாலும் கலத்தைத்தான் மாற்றவேண்டும், பெட்டியையன்று.

இவ்வளவும் வெளியே நின்று செய்யக்கூடியவை. மூடியைத் திறக்கும் வேலை நமக்கு வேண்டாம். இன்றைய பெட்டிகள் பலவற்றில் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது தங்கியிருக்கும். உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியாயின் திருகைக்கூடத் தொடவேண்டாம்.

‘நாங்கள் ஆசிரியர்கள், மின்பணியாளர்கள் அல்லர்’ என்று ஒரு குரல் கேட்கிறது. நன்று! அப்படியானால் அறிவியல் பாடத்தில் மின்சுற்று என்று எதை நடத்துகிறீர்கள்? உலர்மின்கலம், மின்குமிழ், விசை என்று படம் வரைந்து, ‘சுற்று முழுமையடைந்தால்தான் குமிழ் எரியும்’ என்று குறிப்பெழுதச் சொல்கிறோம். அதே பாடப்பெட்டியை எடுங்கள். பிளக்கிலிருந்து ஆசிரியர் கழற்றிக் கொடுத்த உருகியை இரண்டு மின்கலங்களுக்கும் குமிழுக்கும் நடுவே வைக்கச் சொல்லுங்கள். குமிழ் எரிந்தால் உருகி நலம். எரியாவிட்டால், இணைப்புகளைச் சரிபார்த்த பின்னும் எரியாவிட்டால், உருகி போய்விட்டது. வீட்டு மின்சாரத்தை எந்தப் பிள்ளையும் தொடவில்லை. ஆபத்து எள்ளளவும் இல்லை. பள்ளியின் உண்மையான ஒரு சிக்கலைப் பதினொரு வயதுப் பிள்ளை தீர்த்துவைக்கிறது. இதைவிட நல்ல அறிவியல் வகுப்பு எது? இதை விட்டுவிட்டுப் பயிற்சி நூலில் நாற்பதாம் பக்கத்தை நிரப்பச் சொல்கிறோம்.

எனக்கு மிகுந்த சினத்தைத் தருவது வேறொன்று. தோட்டப் பள்ளியின் பெற்றோருள் செம்பனை ஆலையில் மின்பணி பார்க்கிறவர் இருப்பார். எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேன் இருப்பார். இழுவை வண்டியின் எந்திரத்தை ஓசையைக் கேட்டே கணிக்கிறவர் இருப்பார். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவர்கள் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை நாம் எதற்கு அழைக்கிறோம்? கூடாரம் போட, நாற்காலி தூக்க! ஒலிபெருக்கி பழுதானால் மட்டும் தொலைவில் உள்ள கோலாலம்பூர்க் கடைக்குத் தொலைபேசியில் பேசுகிறோம். போதாக்குறைக்கு வகுப்பில், ‘படிக்காவிட்டால் உன் அப்பாவைப்போல் ஆலைக்குத்தான் போவாய்’ என்று பிள்ளையை ஏசுகிறோம். அந்த அப்பாவுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாததால்தானே பெட்டி பொருளறையில் கிடக்கிறது?

பெற்றோர்களே, நீங்களும் ‘சார் சொன்னால் சரி’ என்று கையைத் தூக்கிவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் புதிய ஒலிபெருக்கிக்கான தீர்மானம் வந்தால், எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். கம்பியை மாற்றிப் பார்த்தீர்களா? இரண்டு உருகிகளையும் சோதித்தது யார்? எந்தத் தொழில்நுட்பர் என்ன எழுதிக் கொடுத்தார்? விடை இல்லையெனில் தீர்மானத்தை ஒத்திவைக்கச் சொல்லிவிட்டு, பொருளறைச் சாவியைக் கேட்டு வாங்குங்கள். போகும்போது ஒரு மேசை விசிறியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.