மோட்டார் போட்டுவிட்டாலும் வேலைதானாம்

வேலையில்லாத் திண்டாட்டம் குறைஞ்சிருச்சுன்னு டிவியில அடிக்கடி சொல்றாங்க. மத்திய அரசு கணக்குப்படி 2017-18ல நூத்துக்கு 6 பேர் வேலையில்லாம இருந்தாங்க, 2023-24ல அது 3.2. அந்தக் கணக்கு பொய்னு நான் சொல்லல. ஆனா யாரையெல்லாம் வேலையில இருக்கிறவன்னு எழுதிக்கிறாங்கன்னு செய்தி வாசிக்கிறவங்க ஒரு வரி சொல்லி நான் கேட்டதே இல்ல.

நான் சொல்றேன், கேளுங்க. எங்க வேடசந்தூர் பக்கம் நூல் மில்லு நிறைய. மில்லுல ஷிப்டு குறைஞ்சா பசங்க வீட்டுக்கு வந்துருவாங்க. வந்தவன் சும்மா இருப்பானா? அப்பாவோட வெங்காயக் காட்டுல மோட்டார் போடுவான், மடை திருப்புவான், மாட்டுக்குத் தட்டை அள்ளிப் போடுவான். சம்பளம்னு பத்து பைசா கிடையாது, அம்மா போடுற சோறுதான். கணக்கெடுக்க வர்றவங்க அவனை எழுதுறது 'சுயதொழில்'ல! குடும்பத் தொழிலுக்குக் கூலியில்லாம ஒத்தாசை பண்றவங்களுக்கும் அந்தப் பட்டியல்ல இடம் உண்டு. வாரக் கணக்குன்னு இன்னொண்ணு இருக்கு. அதுல ஏழு நாள்ல ஒரே ஒரு மணி நேரம் வேலை பாத்திருந்தாலும் போதும். இது உலகத் தொழிலாளர் அமைப்போட வழக்கம்தான், நம்ம ஊர்ல புதுசா செஞ்ச தில்லுமுல்லு இல்ல. அதையாவது எடுத்துச் சொல்லலாமில்ல?

ரெண்டு ஏக்கர் காட்டை ரெண்டு பேர் பாத்தாலும் அதே மூட்டைதான், நாலு பேர் பாத்தாலும் அதே மூட்டைதான். ப்ளஸ் டூ பாடத்துல இதுக்கு 'மறைமுக வேலையின்மை'ன்னு பேரே வச்சிருக்காங்க. டிவிக்காரங்களுக்கு மட்டும் அது மறைஞ்சே இருக்கு.

அதே அரசு அறிக்கையில இன்னொரு எண்ணும் இருக்கு. வேலையில இருக்கிறவங்கள்ல விவசாயத்துல இருக்கிறவங்க 2018-19ல நூத்துக்கு 42.5, 2023-24ல 46.1. நாடு வளர்ந்தா ஜனங்க காட்டை விட்டுத் தொழிலுக்குப் போவாங்கன்னு சொல்வாங்க. இங்க திரும்பி வந்திருக்காங்க. கொரோனா முடிஞ்சும் எல்லாரும் போயிடல. எனக்கு இதுதான் தலைப்புச் செய்தி.

எல்லா பத்திரிகைக்காரங்களையும் ஒரே தராசுல போட மாட்டேன். 2019 ஜனவரியில, அரசு வெளியிடாம வச்சிருந்த இதே அறிக்கையை வெளிய கொண்டுவந்தது பிசினஸ் ஸ்டாண்டர்டு பத்திரிகை. 45 வருஷத்துல இல்லாத அளவுக்கு வேலையின்மைன்னு அப்பதான் ஊருக்குத் தெரிஞ்சது. தேசிய புள்ளியியல் ஆணையத்துல இருந்த ரெண்டு பேர் ராஜினாமா பண்ணினாங்க. தேர்தல் முடிஞ்சு மே 31ஆம் தேதிதான் அரசு அதை வெளியிட்டுச்சு.

நம்ம சேனல்கள்ல பாதிக்கு மேல ஏதாவது ஒரு கட்சி நிழல்ல நிக்குது. ஆளுங்கட்சி சேனல் குறைஞ்ச எண்ணைப் போடும், எதிர்க்கட்சி சேனல் கூடின எண்ணைப் போடும். அதே 2023-24க்கு வருஷக் கணக்குல 3.2, வாரக் கணக்குல 4.9, ஆளுக்கு வசதியானதை எடுத்துக்கலாம். தக்காளி விலை ஏறினா கோயம்பேட்டுக்குக் கேமராவோட ஓடுற அவசரத்தை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல விலை விழற அன்னிக்கும் காட்டினா நல்லாயிருக்கும். அதை இன்னொரு நாள் எழுதுறேன்.

2025 மே மாசத்துலருந்து இந்த வேலையின்மைக் கணக்கு மாசாமாசம் வருது. நகரத்துல இருக்கிற நீங்கதான் அதை அதிகம் பாக்குறீங்க. வேலையில இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் கூலியில்லாம குடும்பத் தொழிலுக்கு ஒத்தாசை பண்றவங்கன்னு வருஷ அறிக்கையில தனி அட்டவணையே இருக்கு. அதையும் ஒரு கட்டம் கட்டிப் போடச் சொல்லி உங்க சேனலுக்கு எழுதுங்க.