தறி போனா வீடும் மாறும்!

சேலம் அம்மாபேட்டை பக்கமோ, ராசிபுரம் பக்கமோ ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறீங்களா? தரையைக் கொஞ்சம் கவனிங்க. ஒரு இடம் மட்டும் வேற கலர்ல இருந்தா, 'இது என்னடா?'ன்னு கேளுங்க. 'தாத்தாவோட தறிக்குழி, மூடிட்டோம்'னு பதில் வரலாம்.

நமக்கு வீடுன்னா ஹால், கிச்சன், பெட்ரூம். நெசவாளிக்கு முதல்ல தறி, மிச்ச இடத்துலதான் குடும்பம்! குழிக்குள்ள காலை விட்டு உட்கார்ந்துதான் மிதியை மிதிக்கணும். காத்து காய்ஞ்சா பருத்தி நூல் பொட்டு பொட்டுனு அறுந்துடும். குழியும் மண் தரையும் ஈரப்பதத்தைக் காப்பாத்தும். கனமான மண் சுவரும் ஓடும் வெயிலைத் தடுக்கும். பாவு நீட்ட வீடு பத்தாது. அதுக்கு ஊர்ப் பொதுவில் ஒரு திடல். அதுதான் 'பாவடி'. சேலத்துல பாவடின்னு பேர் வச்ச ஸ்கூலே இருக்கு!

'அப்போ பழைய வீடு மாறவே இல்லையா?' மாறுச்சு பாஸ். 1865-ல் பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க. அந்தத் தட்டை ஓடு பரவி, நாட்டு ஓட்டை ஓரங்கட்டியது. இன்னைக்கு நாம 'பாரம்பரியம்'னு போட்டோ எடுக்கிற ஓடு, அன்னைக்குப் புது மாடல்!

அடுத்து விசைத்தறி. பள்ளிபாளையம், குமாரபாளையத்துல கேட்கிற அந்தத் தடதட சத்தம். அதுக்குக் குழி வேண்டாம், தனி ஷெட் போதும். தறி வெளியே போச்சு, வீட்டுல குழி மூடியாச்சு. திண்ணை பைக் ஸ்டாண்ட் ஆச்சு.

அரசாங்கமும் கை கொடுத்தது. 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் திட்டம், 2011-ல் 300 சதுர அடியில் பசுமை வீடு. குறை சொல்ல முடியாது. ஒழுகுற ஓலைக் கூரைக்குக் கீழே படுத்தவங்களுக்குத்தான் கான்கிரீட்டோட அருமை தெரியும். ஆனா பகல் வெயிலைக் குடிச்ச கான்கிரீட், ராத்திரி அதை நம்ம மேலயே கக்கும். சித்திரை மாசச் சேலத்துல இதை விளக்கணுமா?

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வச்சிருக்காங்க. எல்லா வீட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

அதனால ஒரு சின்ன வேலை. உங்க பாட்டி வீட்டை இடிக்கப் போறாங்கன்னா தடுக்க வேண்டாம். ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. சுவர் கனம், கூரை உயரம், குழி ஆழம்... அளந்து நோட்டுல வரையுங்க. ஒவ்வொண்ணும் ஏன் அப்படின்னு பாட்டிகிட்ட கேளுங்க. நாளைக்கு வெயில் தாங்குற வீடு கட்ட நினைச்சா, அந்த நோட்டு உங்களுக்கே உதவும். ஆனா சீக்கிரம்... ஜேசிபி காத்திருக்காது!