மேலங்கி போர்த்திய பாவம்



ஆங்கிலத்தில் ‘பேலியேட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. குற்றத்தை அதன் உண்மையான அளவினும் சிறியதாகக் காட்டுதல் அதன் ஒரு பொருள். நோயைக் குணமாக்காமல் வேதனையை மட்டும் தணித்தல் மற்றொரு பொருள். மேலங்கியைக் குறிக்கும் ‘பல்லியம்’ என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். போர்த்தி மறைப்பதுதான் இதன் ஆதிப் பொருள்.

மருத்துவத்தில் இச்சொல்லுக்குக் கண்ணியம் உண்டு. 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் மரணத்தை நெருங்கியோருக்காக லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். தீராத நோயின் வலியைத் தணிப்பது இரக்கத்தின் ஊழியம். அந்த ஊழியம் நோயின் பெயரை மாற்றிச் சொல்வதில்லை.

நம் சபைகளிலோ பெயரையே மாற்றிவிடுகிறோம். காணிக்கைப் பணம் காணாமற்போனால் ‘கணக்கில் சிறு குழப்பம்’ என்கிறோம். ஊழியர் ஒருவர் ஒரு பெண்பிள்ளையிடம் தகாதவிதமாய் நடந்தால் ‘மனித பலவீனம்’ என்கிறோம். கண்ணீரோடு வந்து முறையிட்டவளிடம், ‘சபையின் பெயர் கெட்டுவிடும், ஜெபித்துக்கொள்’ என்று சொல்லி அனுப்புகிறோம். யாருடைய வலியை இங்கே தணித்தோம்? காயப்பட்டவளுடையதையா, காயப்படுத்தினவனுடையதையா?

ஆகான் பாபிலோனிய சால்வையைக் கூடாரத்துக்குள் புதைத்தான். இஸ்ரவேல் முழுவதும் ஆயியில் முறிந்தது (யோசுவா 7). சவுல் தன் கீழ்ப்படியாமைக்குப் பலி என்று பெயரிட்டான். ராஜ்யபாரத்தை இழந்தான் (1 சாமுவேல் 15). ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்கி, இல்லாத சமாதானத்தை அறிவித்தவர்களை எரேமியா கண்டித்தார் (எரேமியா 6:14). பேலியேட் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த அகராதியில் உண்டு?

‘அன்பு பாவங்களை மூடுமே’ என்று சிலர் பேதுருவின் நிருபத்தை நீட்டுவார்கள். மூடும், மெய்தான். தனக்குத் தீங்கு செய்தவனை மன்னிக்கிறவனின் அன்பு அது. அடுத்தவன் காயத்தின்மேல் நாம் போர்த்தும் மேலங்கிக்கு அன்பு என்று பெயரிடுவது வேதத்தைப் புரட்டுவதாகும்.

குணமாக்க வழியில்லாத நோயில் வலியை மட்டும் தணிப்பது தகும். பாவத்துக்கோ மருந்து உண்டு. அது சிலுவையில் சிந்தப்பட்ட இரத்தம். மருந்து கையிலிருக்க, வலியை மட்டும் மரத்துப்போகச் செய்கிற மருத்துவனை என்னவென்று அழைப்பீர்கள்? மேய்ப்பர்களாகிய எங்களை அதே பெயரால் அழையுங்கள்.

நாத்தான் எதிரே நின்றபோது தாவீது தன் பாவத்தைப் பாவம் என்றே சொன்னான்; மன்னிப்பும் அங்கேதான் தொடங்கிற்று. இந்த வாரம் உங்கள் ஜெபத்தில் ‘சிறு’, ‘ஏதோ’, ‘எல்லாரும்தானே’ என்ற சொற்களை அகற்றிவிட்டு, செய்ததைச் செய்தபடியே கர்த்தரிடம் சொல்லுங்கள். மேலங்கியைக் கழற்றினால்தான் காயத்துக்கு மருந்திட முடியும்.